காற்று போன பிறகும் இறங்காத கொடி

1
இந்தக் கதை என்னுடையதல்ல. பிரிக்பீல்ட்ஸ் முடிவெட்டும் கடையில் பக்கத்து நாற்காலிக்காரர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது. அவர் முடிப்பதற்குள் எனக்கு வெட்டி எழுப்பிவிட்டார்கள். மீதியை நானே எழுதிப் பார்க்கிறேன்.

2
‘1927 டிசம்பர். கடலன்னை சீறியெழுந்து, தன்…’

வேண்டாம். கடலன்னை வந்தால் நான் அழவேண்டியிருக்கும். நேராகச் சொல்கிறேன். போர்ட் சுவெட்டன்ஹாம் படகுத்துறை. இரவு அடித்த புயல் விடியும்முன் வெளிக்கடலுக்குப் போய்விட்டது. நல்ல வெயில். ஆனால் கொடிமரத்தில் சிவப்புக் கொடி இறங்கவில்லை. அது இறங்காமல் படகு எடுக்கக்கூடாது.

மாப்பிள்ளை அய்யாவு தாலியோடு நிற்கிறான். எதிர்த் தீவுத் தோட்டத்தில் பத்து மணிக்கு முகூர்த்தம். மாப்பிள்ளை வராவிட்டால் பெண்ணை அவள் மாமன் மகனுக்கே கட்டிவிடுவதாகத் தகப்பனார் சொல்லியிருக்கிறார். மாமன் மகன் இந்நேரம் குளித்துவிட்டான். (இது என் கற்பனைதான். ஆனாலும் குளித்திருப்பான்.)

3
கொடிக்குப் பொறுப்பு படகுத்துறைக் குமாஸ்தாவான யாழ்ப்பாணத்துக் கிராணி சண்முகரத்தினம். முதலில் அவரைக் கெட்டவராக்கி முறுக்கு மீசை வைத்தேன். பொருந்தவில்லை, எடுத்துவிட்டேன். பிறகு இரக்கசாலியாக்கினேன். அய்யாவோடு சேர்ந்து அழுதார், கொடியை மட்டும் இறக்கவில்லை.

“காத்துப் போயிட்டுது தம்பி. கடலுக்கு அது இன்னும் தெரியேல்லை.”

அடியில் புரளும் அலையையும், ஆற்றுவெள்ளம் இழுத்துவந்து பாதி மூழ்கி மிதக்கும் மரங்களையும் காட்டினார். அய்யாவு அக்கரையைத்தான் பார்த்தான். கட்டிக்கிடந்த படகில் ஒரு காலை வைத்துவிட்டான்.

4
முடிவு ஒன்று: படகு ஒரு மரத்தில் மோதி…

எழுதமாட்டேன். எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

முடிவு இரண்டு: பத்திரமாகப் போய்ச் சேருகிறான். அடுத்த புயலில் ஒருவனும் கொடியை மதிக்கமாட்டான்.

மூன்று: மாமன் மகன். [அவனுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. தாலி கட்ட விடுவேனா?]

5
வேறு வழியில்லாமல் நானே அக்கரைக்குப் போனேன். கதை எழுதுகிறவனுக்குப் படகு வேண்டாம், ‘அக்கரையில்’ என்று எழுதினால் போதும்.

அக்கரையில், மணப்பெண் புஷ்பவல்லி காலையிலிருந்து மூன்றாவது முறையாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஈரத்தலையோடு மணையில் உட்கார்ந்தால் சளி பிடிக்கும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாளாம். அவள் நின்ற இடத்திலிருந்து கொடி தெரிந்தது.

“அவருகிட்ட சொல்லுங்க,” என்றாள். “கொடி இறங்குன பொறவு வந்தா போதும். என் முடி இன்னிக்கு லேசுல காயாது.”

 திரும்பி வந்து சொல்லலாமென்றால் பக்கம் தீர்ந்துவிட்டது. அய்யாவு இரண்டாவது காலைத் தூக்குகிறான். அவனுக்குப் பக்கத்தில் இப்போது நீங்கள்தான் நிற்கிறீர்கள். சொல்லுங்கள்.