கண்காணிப்பாளர் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்

வீட்டில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தது அக்கா. சட்டையில் பிரிந்த நூலோ, பாலில் கலந்த தண்ணீரோ, அக்காவின் கணவரான மாமா ஒளித்துப் பிடித்த சிகரெட்டோ, எதுவும் எனக்குத் தப்பாது. முதுகலை மாணவர்களுக்கு வீட்டிலிருந்தே பகுதிநேர வேலை என்ற விளம்பரத்தைக் காட்டியதும் அவள்தான்.

"குத்தம் கண்டுபிடிக்கறதுக்குச் சம்பளம் தர்றாங்களாம்டி. உனக்குன்னே செஞ்ச வேலை."

இணையத்தில் நடக்கும் தேர்வுகளைக் கண்காணிக்கும் வேலை. அக்கா வீட்டுப் பின்னறையில் என் மேசை. வகுப்பில்லாத பகல்களில் திரையைத் திறந்தால் கட்டம் கட்டமாக முகங்கள். அவரவர் வீட்டில் உட்கார்ந்து தேர்வு எழுதுவார்கள். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். பேசக் கூடாது. ஏற்கெனவே எழுதிவைத்த செய்திகளில் ஒன்றைச் சொடுக்கலாம், அவ்வளவுதான். 'வெளிச்சம் போதவில்லை.' 'அறையைச் சுற்றிக் காட்டவும்.' எனக்கு மிகவும் பிடித்தது, 'கண்காணிப்பாளர் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.' அதை அனுப்பினால் எப்பேர்ப்பட்ட கில்லாடியும் நிமிர்ந்து உட்காருவான். எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம் உண்டு.

அந்த அறைக்கு வந்து தட்டுகிறவர் மாமா ஒருவர்தான். கதவு திறந்தே கிடந்தாலும் தட்டுவார், தட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய் நிற்பார். "என்ன மாமா, கடன் கேக்க வந்தவர் மாதிரி நிக்கறீங்க?" என்று கேலி செய்வேன். சிரித்துவிட்டு டீயை வாசலிலேயே வைத்துவிட்டுப் போவார்.

அன்று நூலகர் தேர்வு. கட்டங்களை மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்தவள் ஒரு முகத்தில் நின்றேன். சுருட்டை முடி, பின்னால் கண்ணாடி உடைந்த பீரோ. போன வாரம் செவிலியர் தேர்வில் இதே முடி, இதே பீரோ. அதற்கு முன்னால் கணக்கர் தேர்விலும் பார்த்திருக்கிறேன். எங்களுக்குப் பெயர் காட்ட மாட்டார்கள், எண் மட்டும்தான். ஆனால் முகத்தை மாற்ற முடியுமா? கணக்கு, ஊசி, புத்தகம் என்று ஒரே ஆள் எல்லாவற்றையும் எழுதுகிறாள் என்றால் அடுத்தவருக்காக எழுதுகிறாள் என்றுதானே அர்த்தம்! அதோடு அவள் கண் திரையில் நிற்கவே இல்லை. நிமிடத்துக்கு ஒருமுறை இடப்பக்கம் ஓடியது. அங்கே யாரோ விடை காட்டுகிறார்கள்.

நான் படிப்பது உளவியல். கண்ணைப் பார்த்தே மனதைப் படித்துவிடுவேன் என்று வகுப்பில் பீற்றிக்கொள்கிறவள். சிவப்புக் குறியைச் சொடுக்கி, 'ஆள்மாறாட்டம்' என்று எழுதி அனுப்பினேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது. மேலிடம் ஒப்புக்கொண்டால் அந்த முகமே முடக்கப்படும், பிறகு எந்தத் தேர்விலும் உட்கார முடியாது. கையும் களவுமாகப் பிடித்த பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

விடை காட்டுகிறவனையும் சேர்த்துப் பிடித்துவிட வேண்டும் என்று 'அறையைச் சுற்றிக் காட்டவும்' அனுப்பினேன்.

அவள் கணினியைத் தூக்கி மெதுவாகத் திருப்பினாள். கட்டில், பீரோ, அப்புறம் இடப்பக்கம். அங்கே விடை இல்லை, கதவுதான் இருந்தது. தாழ்ப்பாளைப் பிடுங்கியிருந்தார்கள். ஆணி இருந்த இடத்தில் மரம் புதிதாகப் பிளந்து வெள்ளையாகத் தெரிந்தது. கதவை அணைத்தாற்போல் தையல் மிஷினை இழுத்துப் போட்டிருந்தாள். கதவுக்கு அடியில் வெளிச்சம், அதன் நடுவே இரண்டு நிழல். பாதங்கள்.

அந்த நிழல் போன வாரமும் பீரோ அடிவரை நீண்டதைப் பார்த்திருக்கிறேன். அப்போது குறிப்பில் 'வெளிச்ச மாற்றம்' என்று எழுதிவைத்தேன்.

ஒரு ஆண் குரல் கேட்டது, உரக்கவே இல்லை.

"இன்னும் எவ்வளவு நேரம்? உங்கக்கா வர்றதுக்கு ராத்திரி ஆகும்."

"முடியல மாமா. மேடம் பாத்துக்கிட்டு இருக்காங்க."

"எல்லாத்தையும் பாக்கறாங்களா?"

"பேசறதும் கேக்கும் மாமா."

நிழல் நகர்ந்தது. போகவில்லை, சற்றுத் தள்ளி நின்றது. அவள் கணினியைப் பழையபடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இவள் எந்த வேலைக்கும் தேர்வு எழுதவில்லை. தன் அக்கா வெளியே போகும் நாளிலெல்லாம் ஏதாவது ஒரு தேர்வைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். கேமரா ஓடும் வரை அவன் உள்ளே வர மாட்டான்.

அந்தக் கேமராவை மூடத்தான் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சிவப்புக் குறியைத் திரும்ப எடுக்கப் பார்த்தேன். 'அனுப்பிய புகாரை மாற்ற இயலாது.' மேற்பார்வையாளருக்குப் போன் போட்டேன்.

"சார், தப்பாப் போட்டுட்டேன். அந்தப் பொண்ணை வெளியேத்தாதீங்க. வெளிய ஒரு ஆள் நிக்கறான் சார். அவ விலாசம் குடுங்க."

"நம்மகிட்ட நம்பர் மட்டும்தாம்மா இருக்கு. பேர், விலாசம்லாம் தேர்வு நடத்தறவங்ககிட்ட. மெயில் போடுங்க, நாளைக்குப் பாப்பாங்க."

"நாளைக்கா?"

"அழுது நடிக்கிறதை நெறைய பாத்தாச்சும்மா. நல்லா புடிச்சிருக்கீங்க, கெடுத்துக்காதீங்க."

போலீசுக்குப் போட்டேன். எந்தத் தெரு, யார் வீடு என்று கேட்டார்கள். என்னிடம் இருந்ததோ ஒரு தேர்வு எண். அதைச் சொன்னேன். எதிர்முனையில் ஒரு பெருமூச்சு.

செய்திப் பட்டியலை மேலும் கீழும் உருட்டினேன். 'பயப்படாதே' என்று ஒன்று இல்லை. 'விலாசத்தைச் சொல்' என்று இல்லை. 'நேரம் நீட்டிக்கப்பட்டது' இருந்தது, அனுப்பினேன். அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. பிறகு அடுத்தவரை மிரட்டி ரசித்த அந்த வரியையே அனுப்பினேன்.

அவள் அதைக் கதவுப் பக்கம் திரும்பி, சத்தமாக வாசித்தாள்.

"கண்காணிப்பாளர் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்."

மறுபடி அனுப்பினேன், மறுபடி வாசித்தாள். இன்னொரு முறை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதைப் போல அவள் வாசிக்க வாசிக்க எனக்கு அழுகை வந்தது. நாலாவது முறை பாதி வரியில் நிறுத்திவிட்டுக் கேமராவுக்கு அருகே வந்தாள்.

"மேடம், நீங்க போயிடாதீங்க. எங்க வீடு வந்து..."

கட்டம் சாம்பல் நிறமானது. 'தேர்வர் வெளியேற்றப்பட்டார். முகம் முடக்கப்பட்டது. உங்கள் கூர்மையான கவனிப்புக்கு நன்றி.'

மற்றக் கட்டங்களில் எல்லாரும் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் சாம்பல் கட்டத்தைச் சொடுக்கிச் சொடுக்கிப் பார்த்தேன். மெயில் எழுதினேன். கிடைத்தது, நன்றி என்று உடனே தானாகவே பதில் வந்தது.

என் அறைக் கதவை யாரோ தட்டினார்கள். உடம்பு தூக்கிப் போட்டது.

"டீ கொண்டாந்திருக்கேன்மா. முடிஞ்சிடுச்சா?" மாமாவின் குரல். இத்தனை வருடமாகக் கேட்ட அதே குரல், ஒரு குறையும் சொல்ல முடியாத குரல்.

"இன்னும் முடியல மாமா," என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று தெரிந்தது.

டம்ளரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. எழுந்து போய்க் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தேன், ஆட்டிப் பார்த்தேன். உறுதியாகத்தான் இருந்தது. கதவுக்கு அடியில் இரண்டு நிழல் சற்று நேரம் நின்றுவிட்டு, வழக்கம்போல் இரண்டடி பின்னால் போனது.