தண்ணீரை ஏன் காய்ச்ச வேண்டும்?

விழுப்புரம் ஜங்ஷனை விட்டு வெளியே வந்து புதுச்சேரி சாலையில் திரும்பினால், அந்த நாளில் ஒரு பலகை தொங்கும். சிவப்பு ஈறும் வெள்ளைப் பல்லுமாக ஒரு வாய் மட்டும் அதில் சிரித்துக்கொண்டிருக்கும், முகம் கிடையாது. அது சீனாக்காரர் வோங்கின் பல் கட்டும் கடை. யுத்தம் வருவதற்கு முன்பே வந்து ஊன்றிவிட்ட மனிதர். கடையின் பின்கட்டில் அவருடைய தம்பி பெண்சாதி லான் இருந்தாள். ரங்கூனில் குண்டு விழுந்த அன்று புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, காட்டு வழியே நடந்து இந்தியா வந்து சேர்ந்தவள். போக்கிடம் வேறு இல்லாததால் மைத்துனர் வீட்டில் பல் அச்சுக்கு மாவு குழைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினாள்.

மிஷன் பள்ளிக்கூடம் விட்டதும் இருதயமேரி நேராக அந்தப் பின்கட்டுக்குத்தான் போவாள். அவளும் அதே வழியில் நடந்து வந்தவள். புருஷன் மாசிலாமணியோடும் மகள் அம்மணியோடும் ரங்கூனை விட்டுக் கிளம்பியவள், இந்த ஊருக்கு வந்து இறங்கும்போது ஒற்றை ஆளாக இறங்கினாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. அந்த அறைக்குச் சாயங்காலத்தில் திரும்புவதுதான் அவளால் முடியாத காரியமாக இருந்தது.

பின்கட்டில் பெரிதாக ஒன்றும் நடக்காது. லான் எனாமல் கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து இரண்டு கிண்ணத்தில் ஊற்றுவாள். தேயிலை விற்ற விலைக்கு அதை யார் வாங்குவது? வெறும் வெந்நீர்தான். ஊதி ஊதிக் குடிப்பார்கள். ரங்கூன் கடைத்தெரு பாஷை பாதியும், லான் தெருவில் பொறுக்கிய தமிழ் பாதியுமாக நாலு வார்த்தை பேசுவார்கள். மற்ற நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அந்த வழியில் என்ன நடந்தது என்று ஒருத்திக்கு மற்றவள் சொல்ல வேண்டியதில்லை. அது ஒன்றுக்காகவே இருதயமேரி எத்தனை தூரம் வேண்டுமானாலும் நடப்பாள்.

எதிரே கேப்பைக்கூழ் விற்கும் அம்சாவுக்கு இது பெரிய வேடிக்கை.

"ஏன் டீச்சரம்மா, வெறும் வெந்நிய குடிக்கவா இம்மாந்தூரம் வர்றீங்க? என்கிட்ட ஒரு சொம்பு கூழு குடிச்சா வவுறாவது ரொம்பும்."

"கூழு வோணாம் அம்சா. உன் வாயக் கேட்டுக்கினு இருந்தாவே ரொம்பிப்பூடுது" என்பாள் லான்.

"பாத்தீங்களா! நான் கத்துக்குடுத்த தமிழு, எனக்கே திருப்பி ஊத்தறா!"

அப்படியிருக்கையில், ஆவணி மாதத்தில், திண்டிவனம் மிஷன் ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டரம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பிள்ளைகளின் கண்ணையும் தலையையும் பார்த்து முடித்துவிட்டு இருதயமேரியைத் தனியாகக் கூப்பிட்டாள். வடக்கே ஓர் இராணுவ ஆஸ்பத்திரியில் பர்மா சண்டையில் காயம்பட்ட சீனச் சிப்பாய்கள் கிடக்கிறார்களாம். அவர்கள் சொல்வது டாக்டர்களுக்கு விளங்கவில்லை. டாக்டர்கள் சொல்வது அவர்களுக்கு விளங்கவில்லை. சீனமும் இங்கிலீஷும் தெரிந்த பெண்கள் கிடைத்தால் தாதி வேலைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். மதராஸில் அகதிகளாக இருக்கும் மூன்று பெண்கள் வருகிறார்கள். அவர்களுக்கு எவ்வளவு இங்கிலீஷ் தெரியும், ஒரு விஞ்ஞானப் பாடத்தைக் கொடுத்தால் படித்துப் புரிந்துகொள்வார்களா என்று சோதித்துப் பார்க்க வேண்டும்.

"நீங்கள் ரங்கூனில் சீனர்கள் நடுவே குடியிருந்தவர். அவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. பரீட்சையை நீங்களே நடத்திக் கொடுங்கள்" என்றாள் டாக்டரம்மா. "உங்களுக்குத் தெரிந்த சீனப் பெண் வேறு யாராவது உண்டா?"

இருதயமேரி யோசிக்காமலே பதில் சொன்னாள். "ஒருத்தி இருக்கிறாள். ரங்கூனில் இங்கிலீஷ் படித்தவள்."

அன்று சாயங்காலம் லானிடம் விஷயத்தையும் சொன்னாள். லான் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நெசமாவா அக்கா? எனக்கா?" அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை இருதயமேரி அதற்கு முன் பார்த்ததில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் தான் செய்த காரியம் அவளுக்கு உறைத்தது. லான் தேறிவிட்டால் போய்விடுவாள். வடக்கே என்றால் அது எங்கேயோ. பிறகு இந்த ஊரில் தனக்கு யார்?

பரீட்சை முடியும்வரை பின்கட்டுக்குப் போவதில்லை என்று இருதயமேரி வைத்துக்கொண்டாள். "கேள்வி போடுறவ நான். உன் பக்கத்துல உக்காந்துக்கினு இருந்தா நாலு பேர் நாலு பேசுவாங்க" என்று லானிடம் சொன்னாள். நியாயமான பேச்சுதான். ஆனால் அந்தச் சாயங்காலங்கள் அவளை உலுக்கிவிட்டன. அறையில் விளக்கை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் பேச ஆள் இல்லை என்பது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. பேசாமல் இருக்க ஆள் இல்லை. லான் போய்விட்ட பிறகு இப்படித்தான் இருக்கும் என்று அந்த அறை அவளுக்கு முன்கூட்டியே காட்டிக்கொண்டிருந்தது.

தெருவில் போகும்போது பின்கட்டிலிருந்து லானின் குரல் கேட்கும். இங்கிலீஷ் வார்த்தைகளை ராகம் போட்டு, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ரங்கூனில் மாடியிலிருந்த சீனப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இப்படித்தான் படிப்பார்கள். மாசிலாமணி கீழே உட்கார்ந்து சிரிப்பார்: "சத்தம் மட்டும் மழையா கொட்டுது. உள்ள எறங்குதான்னு தெரியல." அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவர்.

அதை நினைத்துக்கொண்டுதான் இருதயமேரி சொல் பரீட்சையை வேறு மாதிரி அமைத்தாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு மேஜை முழுக்கச் சாமான்களைப் பரப்பி வைத்தாள். பேசின், கத்தரி, பஞ்சு, தெர்மாமீட்டர், மருந்துக் குப்பி. அவள் இங்கிலீஷில் பெயரைச் சொல்ல, பெண்கள் போய் எடுத்து வர வேண்டும். கை வைக்க முடியாத வார்த்தைகளுக்கு நடித்துக் காட்ட வேண்டும். வீக்கம் என்றதற்கு லான் கன்னத்தை உப்பிக்கொண்டு பல் வலிக்காரன் மாதிரி முனகினாள். மைத்துனர் கடையில் தினமும் பார்ப்பதாயிற்றே. டாக்டரம்மாவே சிரித்துவிட்டாள். லானிடம் ஒரு வார்த்தை கூடத் தவறவில்லை.

அடுத்தது பாடம். அதை டாக்டரம்மா ஒரு விஞ்ஞானப் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தாள். குடிதண்ணீரைப் பற்றிய பாடம். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் தண்ணீரில் இருக்கின்றன, கொதிக்க வைத்தால் அவை செத்துப்போகின்றன, ஓடுகிற தண்ணீரும் இதற்கு விலக்கில்லை என்று ஒரு பக்கம். இருதயமேரி அதை நாலு படி எழுதினாள். எழுதும்போதே தெரிந்துவிட்டது, ரங்கூனில் மாசிலாமணி வருஷா வருஷம் நடத்திய அதே புத்தகம், அதே பாடம்.

கடைசிக் கேள்வி, தண்ணீரை ஏன் காய்ச்ச வேண்டும்? மதராஸ் பெண்கள் மூவரும் கிருமியைச் சொல்லியிருந்தார்கள். லான் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: பச்சைத் தண்ணீர் குளிர்ச்சி. வயிற்றுக்குள் போனால் குடல் சுருங்கிப்போகும். அதனால் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். அம்மா சொன்னாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "படித்ததை எழுதவில்லை. தனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறாள். மருந்துக் குப்பியின் மேல் எழுதியிருப்பதையும் இப்படிப் படித்தால், நோயாளி பிழைக்க மாட்டான்." கடுமையாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னாள். "அந்த மூவர் போதும். மார்க்கைப் போட்டுவிடுங்கள்."

இருதயமேரி பென்சிலைக் கையில் எடுத்தாள். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்குவது போல இருந்தது. அவள் பொய் சொல்ல வேண்டியதில்லை. துரோகம் எதுவும் இல்லை. பதில் தப்பு, தப்பு என்று போட வேண்டியதுதான். நாளை சாயங்காலம் பின்கட்டில் கெட்டில் கொதிக்கும். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பதிலின் மேல் பென்சில் இறங்க மாட்டேன் என்றது.

ரங்கூனை விட்டு நடந்து வந்த வழியில், பர்மா எல்லையில் தமு என்ற ஊரைத் தாண்டி மலை ஏறும்போதுதான் லான் இருதயமேரியின் குடும்பத்தோடு வந்து சேர்ந்துகொண்டாள். கையில் அந்தக் கெட்டில். நிற்கிற இடத்திலெல்லாம் சுள்ளி பொறுக்கித் தண்ணீர் காய்ச்சுவாள். சித்திரை வெயிலில் எல்லோருக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டு கிடக்க, அவள் மட்டும் வெந்நீரை ஊதிக்கொண்டிருப்பாள். "வெயிலு நம்மளக் காய்ச்சுது, இவ தண்ணியக் காய்ச்சுறா" என்று மாசிலாமணி கேலி செய்தார். இருதயமேரிக்கு அப்போது குளிர்க்காய்ச்சல். பல் கிட்டிக்கொண்டு நடுங்கியதால் வெந்நீர் அவளுக்கு இதமாக இருந்தது. லான் கொடுத்ததையே குடித்தாள். அம்மணி அதைத் தொட மாட்டேன் என்று அழுதாள். ஓடையைப் பார்த்ததும் ஓடினாள். "ஓடுற தண்ணிதானே, குடிக்கட்டும்" என்று சொல்லி அவரும் பக்கத்தில் குனிந்து அள்ளிக் குடித்தார். இரண்டு பேரையும் வாந்திபேதி கொண்டுபோனது. அந்தப் பாடத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரி பிசகாமல் சொல்லக்கூடியவர் அவர்.

தாழ்வாரத்தில் லான் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேறிவிட்டோம் என்ற நம்பிக்கை முகத்தில் அப்படியே இருந்தது.

குழந்தையிலிருந்து தண்ணீரைக் காய்ச்சியே குடித்து வளர்ந்தவளிடம், ஏன் காய்ச்சுகிறாய் என்று கேட்டால் அவள் தாளைப் பார்ப்பாளா, தன் அம்மாவைப் பார்ப்பாளா? அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை என்று இந்தக் கேள்வி காட்டவில்லை. இந்தக் கேள்வி அவளைப் படிக்கவே விடவில்லை. அது இருதயமேரிக்குத் தெளிவாகத் தெரிந்தது. அங்கே வேறு யாருக்கும் அது தெரியாது என்பதும் தெரிந்தது.

எழுந்து டாக்டரம்மாவிடம் போனாள். "இன்னொரு பாடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அவளுக்குக் கொஞ்சமும் பழக்கமில்லாத விஷயமாக."

"உங்கள் சிநேகிதி என்பதாலா?"

"சிநேகிதி என்பதால்தான் வேண்டாமென்று இத்தனை நேரம் இருந்தேன்" என்றாள் இருதயமேரி.

டாக்டரம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினாள்.

என்ன எழுதுவது? ஸ்டேஷன் பக்கம் ஏதோ எஞ்சின் ஊதியது. மாசிலாமணி நடத்திய இன்னொரு பாடம் நினைவுக்கு வந்தது. இரும்பு வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். அதனால் தண்டவாளத்தை ஒன்றோடொன்று முட்டப் போடுவதில்லை. நடுவே சிறிது இடம் விட்டுப் போடுகிறார்கள். விடாவிட்டால் வெயில் காலத்தில் நீள இடமில்லாமல் தண்டவாளம் வளைந்து, வண்டி கவிழும். இதை இங்கிலீஷில் எளிதாக எழுதினாள். கீழே இரண்டு கேள்வி. இடம் விடுவது ஏன்? அந்த இடம் எந்தக் காலத்தில் அகலமாக இருக்கும்? இரண்டாவதற்குப் பதில் பாடத்தில் நேராக இல்லை. படித்தவள் யோசித்துத்தான் எழுத வேண்டும்.

லான் விரலை வரிக்கு அடியில் ஓட்டிக்கொண்டு படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். இந்தத் தடவை ராகம் இல்லை, ஆட்டம் இல்லை. முதல் கேள்விக்கு உடனே எழுதிவிட்டாள். இரண்டாவதற்கு எழுதுகோலை வாயில் வைத்துக்கொண்டு முற்றத்து வெயிலைப் பார்த்தாள். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நுனிக்கு நுனி நீட்டி, மெல்ல விலக்கிப் பார்த்தாள். குனிந்து எழுதினாள்: குளிர்காலத்தில்.

டாக்டரம்மா தாளை வாங்கிப் பார்த்து, இருதயமேரியிடமே திருப்பிக் கொடுத்தாள். பென்சில் இந்தத் தடவை தயங்கவில்லை.

திரும்புகிற ரயிலில் கூட்டம் அதிகமில்லை. மயிலம் தாண்டியதும் லான் பலகையில் உள்ளங்கையை வைத்துச் சத்தத்தைக் கேட்டாள்.

"அக்கா, டக்கு டக்குன்னுதே, இதானா அது?"

"அதான்."

"இத்தினி நாளா சக்கரம் ஒடஞ்சிக்கினு வருதுன்னு பயந்துக்கினு இருந்தேன்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். எதிரே மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டிருந்தவர் இவர்களைப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தார். அப்புறம் லான் கேட்டாள்: "தண்ணி பாடத்துல நான் ஃபெயிலா?"

"ஃபெயிலு."

"அப்போ எங்கம்மா சொன்னது தப்பா?"

"காய்ச்சுறது சரிதான். காரணந்தான் வேற."

லான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஏரிக்கரைப் பனைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. "உன் வூட்டு வாத்தியாருக்குக் காரணம் தெரியும்" என்றாள் மெதுவாக. இருதயமேரி தலையை அசைத்தாள். விழுப்புரம் வரும்வரை ஒருத்தியின் கை மற்றவள் கையில் இருந்தது.

திண்டிவனத்தில் பயிற்சி தொடங்கியது மார்கழியில். விடிகாலை வண்டிக்கு வோங் பெட்டியைத் தூக்கி வந்தார். அம்சா ஒரு பொட்டலம் மல்லாட்டையோடு வந்து, "ஏண்டி, அங்க போயி எவன்கிட்டயாவது என் தமிழப் பேசிடாத, ஆஸ்பத்திரிய விட்டே தொரத்திடுவான்" என்று சொல்லி மூக்கை உறிஞ்சினாள். லான் கெட்டிலை இருதயமேரியிடம் நீட்டினாள். அவள் வாங்கவில்லை. "வழியில வோணும். எடுத்துக்கினு போ."

"பயிற்சி முடிஞ்சதும் அப்படியே வடக்கே அனுப்பிடுவாங்களாம் அக்கா."

"தெரியும்."

"நீ வெந்நி வெச்சிக் குடி. சோம்பேறித்தனமா இருக்காத."

வண்டி கிளம்பியது. அம்சாவும் வோங்கும் போன பிறகும் இருதயமேரி நின்றுகொண்டிருந்தாள். பிறகு அறைக்குப் போக லைனைக் கடக்கும்போது, தண்டவாளம் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் குனிந்தாள். இரும்பு பனியில் நனைந்து சில்லென்று இருந்தது. இரண்டு துண்டுக்கும் நடுவே விரல் நுனியை வைத்துப் பார்த்தாள். நன்றாகவே இடம் விட்டிருந்தது. தூரத்தில் வண்டியின் சத்தம் இன்னும் கேட்டது. ஒவ்வொரு இடைவெளியையும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு போயிற்று.

குளிர்காலத்தில் அகலமாக இருக்கும் என்றுதான் லான் எழுதியிருந்தாள். அதற்கு முழு மார்க் போட்டவள் இருதயமேரிதான்.