பனி மூடும் ஆட்டம்

விசிலை ஊதி வாயிலிருந்து எடுப்பதற்குள் மதலேனாளுக்குத் தான் செய்த காரியம் உறைத்துவிட்டது. சரிவில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளின் கூச்சல் சட்டென்று அடங்கிப்போயிற்று. மூடுபனி இறங்குகிறதே, எல்லாரையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் போய்விடலாம் என்று பதற்றத்தில் ஊதிவிட்டாள். பிள்ளைகளுக்கு அந்த விசிலுக்கு அர்த்தமே வேறு. விசில் கேட்டால் நின்ற இடத்தில் குப்புற விழ வேண்டும், அசையக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. சொல்லிக்கொடுத்தவள் அவளேதான்.

ஜவ்வாது மலையில் மார்கழி பிறந்தால் பள்ளிக்கூடம் காற்றாடும். அடுப்புக் கரையை விட்டு எந்தப் பிள்ளை எழுந்து வரும்? ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி மலைப்பாதையில் நடந்து வர வேண்டிய அந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் அவளும் பெரிய வாத்தியாரும் மட்டுமே. கீழே கண்ணமங்கலத்துப் பக்கத்திலிருந்து வந்தவளுக்கு முதல் வருஷக் குளிர் அழுகையாகவே கழிந்தது. இரண்டாம் வருஷம், வெளிநாட்டுப் பால்மாவு மூட்டைகளோடு வந்த ஒரு பழைய காலண்டரைப் பிரித்துப் பார்த்தபோது அவளுக்குப் புத்தி வேலை செய்தது. வெள்ளை வெளேரென்ற மலையில் பிள்ளைகள் பலகை மேல் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் குளிர் விளையாட்டுச் சாமான் என்றால் நம் பிள்ளைகளுக்கு மட்டும் என்ன குறைச்சல் என்று கேட்டுக்கொண்டாள்.

பிறகு டிரில் பீரியடுக்குப் பஞ்சமே இல்லை. பள்ளிக்குப் பின்னால் மஞ்சள் புல் மண்டிய சரிவு. வெயில் ஏறிப் புல் உலர்ந்துவிட்டால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். கோணிச்சாக்கின் மேல் உட்காரவைத்துத் தள்ளிவிட்டாள். மூங்கிலைப் பிளந்து காலில் கட்டி நடக்கவிட்டாள். இலவம் பஞ்சை உருட்டி இரண்டு கட்சியாக எறியச் செய்தாள். ஒரு வாரத்தில் அடுப்புக் கரைகள் காலியாகி வகுப்பு நிறைந்துவிட்டது. பெரிய வாத்தியாரே ஒருநாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கில் உட்கார்ந்து பார்த்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆசை யாரை விட்டது? அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அந்தக் காலண்டர் மலைகளில் பனி மொத்தமாகச் சரிந்து ஆட்களை மூடிவிடும் என்று பங்குச் சாமியார் எப்போதோ சொன்னதை வைத்துப் பனி மூடும் ஆட்டத்தைக் கட்டினாள். விசில் ஊதினால் பனி மூடியதாகக் கணக்கு. டீச்சர் வந்து முதுகைத் தொட்டால்தான் எழுந்திருக்கலாம். நடுவில் ஏமாற்றிப் பார்ப்பாள். "மணி அடிச்சாச்சு, வாங்க" என்பாள். "ஆட்டம் முடிஞ்சிது" என்பாள். "உங்கப்பா கூப்பிடுறாரு பார்" என்பாள். நம்பி எழுந்த பிள்ளை அவுட். கடைசிவரை ஏமாறாமல் கிடப்பது எதுவோ அதுதான் ஜெயித்த பிள்ளை. ஒரு ஊதலில் அத்தனை வாயும் அடைபடும் வித்தை எந்த வாத்தியாருக்குக் கசக்கும்? மழை நாளில் வகுப்புக்குள்ளேயும் ஊத ஆரம்பித்தாள்.

கண்ணாயிரத்துக்கு மட்டும் அந்த ஆட்டம் பிடிக்கவில்லை. ஒன்றாம் வகுப்புச் செல்லியின் அப்பன் அவன். அந்த மலையில் மூடுபனிக்குள் நடப்பவர்கள் "ஓ...ஓ..." என்று குரல் விட்டுக்கொண்டேதான் போவார்கள். எங்கிருந்து குரல் வந்தாலும் பதில் குரல் கொடுக்க வேண்டும். வழி தப்பினவனுக்கு அதுதான் வழி, கரடிக்கும் அதுதான் எச்சரிக்கை. நடக்கத் தெரியாத பிள்ளைக்குக்கூட முதலில் அதைத்தான் பழக்குவார்கள்.

"பனியில குரல் குடுக்காத புள்ளய நாங்க புள்ளன்னே சேக்கறதில்ல, டீச்சரம்மா. இன்னாத்துக்கு இந்த ஆட்டம்?" என்றான் ஒருநாள்.

"வெறும் ஆட்டம்தாங்க" என்று சிரித்தாள் மதலேனாள்.

அப்பா கூப்பிடுகிறார் என்றதும் முதலில் எழுந்து ஏமாறுவது எப்போதும் செல்லிதான். மற்றப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கும், அது மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கும். அந்த வாரம் முழுக்க உதட்டைக் கடித்துக்கொண்டு ஏமாறாமல் கிடக்கப் பழகியது.

இப்போது மதலேனாள் சரிவின் தலைப்பில் நின்று கத்தினாள். "எழுந்திருங்க! நெஜமாவே ஆட்டம் இல்ல! எல்லாரும் மேல வாங்க!" ஒரு பிள்ளையும் அசையவில்லை. இதைவிட உருக்கமாகவெல்லாம் அவள் ஏமாற்றியிருக்கிறாள். நீட்டிய கை தனக்கே தெரியாத அளவுக்குப் பனி அடர்ந்துவிட்டது. பெரிய வாத்தியார் ஜமுனாமரத்தூருக்குப் போயிருந்தார். சரிவின் அடியில் இலந்தைப் புதர், பழம் பழுத்துத் தொங்குகிற பருவம். போன வாரம் அங்கே கரடி கிளறிய மண்ணைப் பிள்ளைகள்தான் கூட்டிப்போய்க் காட்டின. புதருக்குச் சற்று மேலே எல்லைக் கல் நட்டு, கல்லைத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருந்தாள். பனியில் கல் எங்கே தெரியும்?

உட்கார்ந்து, கைகளால் புல்லைத் துழாவிக்கொண்டே இறங்கினாள். முதலில் ஒரு சாக்கு. பிறகு ஈரத் தலைமுடி. குப்பம்மா. முதுகைத் தொட்டதும் அது பல்லைக் காட்டிச் சிரித்தது.

"நான் கடைசியா, டீச்சர்?"

"கத்து, குப்பம்மா. குரல் குடு. ஆட்டம் இல்லடி கண்ணு."

குப்பம்மா கத்தியது. யாரும் பதில் கொடுக்கவில்லை. கத்தியவள் அவுட்டாகிவிட்டாள் என்று மற்றவர்கள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு கிடந்திருக்க வேண்டும். நல்ல பிள்ளைகள், சொன்ன பேச்சு தட்டாத பிள்ளைகள். ஒவ்வொரு முதுகாகத் தேடித் தொட்டாள். தொட்ட பிள்ளையை எழுப்பி, முன்னால் கிடைத்த பிள்ளையின் கையில் பிடித்துக் கொடுத்தாள். சங்கிலி நீண்டது. கையும் முழங்காலும் கல்லில் கிழிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. மாதாவே, மாதாவே என்று அவள் முணுமுணுத்த நேரத்தில் கீழே இலந்தைப் பக்கம் சுள்ளி முறிந்தது.

"செல்லியா?"

சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி முறிந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மிதித்து முறிகிற சுள்ளி இல்லை அது. மதலேனாள் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தாள். செல்லியைத் தவிர எல்லாரும் இருந்தார்கள். எல்லாரையும் ஒன்றாகக் கத்தச் சொன்னாள். "ஓ...ஓ..." என்று சரிவு முழுக்க எழுந்தது. மேலேயிருந்து ஒரே ஒரு பதில் குரல் வந்தது, ஆம்பளைக் குரல்.

கண்ணாயிரம் கொடுவாளோடு புல்லில் சறுக்கிக்கொண்டே இறங்கி வந்து நின்றான். பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எதுவும் கேட்காமல் கீழே திரும்பிக் கூப்பிட்டான். "செல்லீ... அப்பன் வந்துகிறேன், செல்லீ..."

பதில் இல்லை. மூன்றாம் தரமும் கூப்பிட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"அப்பன் கூப்ட்டாலும் வாயத் தொறக்காதன்னு சொல்லிக்குடுத்தீங்களா, டீச்சரம்மா?"

மதலேனாள் ஆமென்று தலையை ஆட்டினாள். இந்த மலை தன்னை மன்னிக்காது என்று நினைத்தாள், மன்னிக்கவும் கூடாது என்று நினைத்தாள்.

காற்று திரும்பியது. பனி மேலேயிருந்து மெல்ல விலக, புல் அடுக்கடுக்காகத் தெரிந்தது. எல்லைக் கல்லுக்குக் கீழே நாலெட்டில் புல் படுத்திருந்தது. சுற்றிலும் நீர்த்துளி கோத்து நரைத்துக் கிடக்க, ஒரு குழந்தை குப்புறக் கிடக்கும் அளவுக்கு அந்த இடம் மட்டும் காய்ந்து மஞ்சளாக இருந்தது. கண்ணாயிரம் மண்டியிட்டு அதில் உள்ளங்கையை வைத்தான். வைத்த கையை எடுக்கவே இல்லை.

"இன்னும் சூடு கீது" என்றான்.

"செல்லிதான் ஜெயிச்சா, டீச்சர்" என்றது பின்னால் நின்ற குப்பம்மா, கொஞ்சம் பொறாமையோடு.

அந்தக் காய்ந்த இடத்திலிருந்து, துளிகள் உதிர்ந்து கறுத்துப்போன ஒரு தடம் புல்லுக்குள் கீழ்நோக்கி இறங்கியது. ஒரு பிள்ளை நடந்து போனதைவிட அகலமான தடம். இலந்தைப் புதர்வரை போயிற்று. அங்கே பனி இன்னும் விலகவில்லை.