கட்டம் கட்டமாய்ச் செல்வி

இசக்கியம்மாவுக்குப் பெருமையை உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது. நடுவட்டத்துக்குப் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். அவளுடைய ஒரே மகள் செல்வி போலீஸ் வேலைக்குத் தேர்வாகி, மலைக்குக் கீழே சமவெளியில் பயிற்சியும் முடித்து, காக்கிச் சட்டையும் தொப்பியுமாக நின்று எடுத்த போட்டோவை ஃபோனில் அனுப்பியிருந்தாள். அன்றைக்குத் தேயிலைக் காட்டில் இசக்கியம்மா கொழுந்து பறித்ததைவிடப் போட்டோ காட்டியதுதான் அதிகம். கண்புரை விழுந்த கிழவர்கள்கூட அவளிடமிருந்து தப்பவில்லை.

செல்வி லீவில் வருகிறாள் என்றதும் பேனர் கட்டியே தீருவதென்று முடிவு செய்துவிட்டாள். காரணம் இல்லாமல் இல்லை. போன வருஷம் சூப்பர்வைசர் எல்லப்பன், மகன் பன்னிரண்டாம் வகுப்பு பாஸானதற்கே பஸ் ஸ்டாப்பில் பேனர் கட்டினார். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு அந்தப் பையன் மழைக்காலம் முழுக்க அங்கேயே தொங்கினான். பாஸானதற்கே அவ்வளவு என்றால் சர்க்கார் தொப்பிக்கு எவ்வளவு? எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுப் பெண் ஒருத்தியின் முகம் அந்த ரோட்டில் இதுவரை ஏறியதில்லை. என் மகள் முகம் ஏறியாக வேண்டும், பார்க்கிறவன் யாரென்று கேட்டாக வேண்டும் என்று நின்றாள். செல்வியிடம் மட்டும் மூச்சு விடவில்லை. ஆர்ப்பாட்டம் என்றாலே அவளுக்கு ஆகாது. தெரிந்தால் வரும்போதே சண்டையோடு வருவாள்.

ஊட்டி மார்க்கெட் பக்கம் ராஜப்ரியா பேனர் கடை வைத்திருந்தாள். கோயமுத்தூர்ப் பெண், கல்யாணமாகி மலையேறியவள். மலையில் பிளாஸ்டிக்குக்குக் கெடுபிடி என்பதால் அவள் கடையில் எல்லாம் துணியில்தான் அச்சு. இசக்கியம்மா ஃபோனை நீட்டி, எல்லப்பன் கட்டியதைவிடப் பெரிதாக வேண்டும் என்றாள். ராஜப்ரியா படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிப் பெரிதாக்கினாள்.

செல்வியைக் காணோம். மூக்கு இருந்த இடத்தில் பழுப்பாய் நாலைந்து கட்டங்கள். கண் இருந்த இடத்தில் கறுப்பாய் இரண்டு. தோளுக்கு மேலே சிவப்பாய் ஒரு கும்பல்.

இது எப்படி ஆயிற்று என்று ராஜப்ரியா துருவித் துருவிக் கேட்டதில் கதை வெளியே வந்தது. இசக்கியம்மா போட்டோவை ஸ்டேட்டஸ் வைத்தாள். அவள் தம்பி முத்துராஜ் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, நாலு பக்கமும் ரோஜாப்பூ வைத்துச் சொந்தக்காரர்களின் குரூப்பில் போட்டான். அங்கிருந்து எஸ்டேட் குரூப், அங்கிருந்து கோயில் கமிட்டி, அங்கிருந்து பந்தலூர்ச் சொந்தங்கள். வழியில் ஒருவர் படத்தைச் சுருக்கி ஓரத்தில் வாழ்த்து எழுதினார், இன்னொருவர் அதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தார். ஊர் சுற்றிவிட்டுப் படம் கடைசியில் இசக்கியம்மாவிடமே திரும்பி வந்தது. ஃபோனில் இடமில்லை. ரோஜா வைத்த படம் இருக்கும்போது வெறும் படம் எதற்கென்று, மகள் அனுப்பிய அசலை அவள் தன் கையாலேயே அழித்துவிட்டாள்.

ராஜப்ரியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அக்கா, இதுக்குள்ள முகம்னு ஒண்ணும் கெடையாதுங்க. எல்லாம் சின்னச் சின்னக் கட்டம். பிக்சல்னு சொல்லுவாங்க. ஒரு கட்டத்துக்கு ஒரே நெறம்தான். எந்தக் கட்டத்துக்கு என்ன நெறம்ங்கறது மட்டும்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். கட்டம் நெறைய இருந்தா எவ்வளவு வேணாலும் பெருசு பண்ணலாமுங்க. இதுல மிச்சம் இருக்கறதே கொஞ்சம். இழுத்தா கட்டம்தான் பெருசாகும், புதுசா மொளைக்காதுங்க."

ஒவ்வொரு கை மாறும்போதும் படம் கொஞ்சம் கட்டங்களைத் தொலைத்துவிட்டு வந்திருந்தது. அசலைச் செல்வியிடமே கேட்டு வாங்கலாமே என்று ராஜப்ரியா சொல்லிப் பார்த்தாள். அது மட்டும் முடியாது என்றாள் இசக்கியம்மா.

இல்லாததை இட்டு நிரப்பித் தரும் மென்பொருள் ஒன்று கடையில் இருந்தது. ராஜப்ரியா அதில் படத்தைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் திரையில் ஒருத்தி வந்து நின்றாள். வெள்ளை வெளேரென்று நிறம், கத்தி மாதிரி மூக்கு, வழுவழுப்பான கன்னம். அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் செல்விக்கு மூக்கு சற்றே சப்பை. மலைவெயிலும் பனியும் பட்ட கறுத்த கன்னம்.

"இது ஆரு ஊட்டுப் புள்ளைங்க?" என்றாள் இசக்கியம்மா. "நான் பெத்தது இது இல்லீங்க, அம்மணி."

எங்கெங்கோ பார்த்த முகங்களை வைத்து அது ஊகிக்கிறது, நிறையப் பேர் இதையே கேட்டு வாங்கிப் போகிறார்கள் என்றாள் ராஜப்ரியா. இசக்கியம்மாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. பேனரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று படியிறங்கி, ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டாள். எந்தச் சண்டையிலும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருந்தால்தான் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். ஆகவே இன்னொரு வார்த்தை சொல்லத் திரும்பினாள்.

கடைக்குள்ளே செல்வி நின்றாள்.

அழகியைத் துரத்திவிட்டு ராஜப்ரியா பழைய கட்டங்களையே திரையில் கொண்டுவந்திருந்தாள். அதே பழுப்பு, அதே கறுப்பு. ஆனால் இங்கிருந்து பார்த்தால் சப்பை மூக்கோடு, மோவாயை நிமிர்த்திக்கொண்டு, யாருக்கும் பணியாத அதே பார்வையோடு அவள் மகளேதான். இசக்கியம்மா மறுபடி கடைக்குள் ஓடினாள். வெறும் கட்டங்கள். வெளியே ஓடினாள். செல்வி. குறுக்கே வந்த ஜீப்காரன் திட்டியது அவள் காதில் விழவே இல்லை.

ராஜப்ரியாவும் பின்னாலேயே வந்து நின்று பார்த்தாள். தூரம் கூடக் கூடக் கண்ணுக்குக் கட்டத்தின் ஓரம் தெரியாது, பக்கத்து நிறங்களைச் சேர்த்து அது முகமாக்கிக்கொள்ளும் என்றாள். இசக்கியம்மாவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ரோட்டிலிருந்து பார்த்தால் தேயிலைச் சரிவு ஒரே பச்சைப் பாய்; உள்ளே இறங்கினவளுக்குத்தான் அது செடி செடியாய்த் தனித்தனி என்று தெரியும்.

ஆனால் அப்படியென்றால் பஸ் ஸ்டாப் ஆகாது. அங்கே ஜனம் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். எல்லப்பன் மகன் தொங்கிய இடம் கை நழுவுவதை நினைத்து இசக்கியம்மா ஒரு நிமிஷம் வாடித்தான் போனாள். பிறகு யோசித்தாள். நடுவட்டத்துக்கு முன்னால் ரோடு ஒரு பெரிய வளைவு எடுக்கும். அங்கிருந்து பார்த்தால் நடுவே பள்ளம், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய லைன் வீடுகளின் பின்பக்கம். நீளமான சுவர். பஸ்ஸில் போகிற ஒருவரும் அதை ஒரு பொருட்டாகப் பார்த்ததில்லை.

"எங்க லைனு பொறத்தாலச் செவுரு இருக்குதுங்க, அம்மணி. ரோட்டுக்கு நேரா. எத்தன பெருசு வேணும், சொல்லுங்க."

ராஜப்ரியா உட்கார்ந்து, தோள்மேல் ஒட்டிக்கொண்டிருந்த முத்துராஜின் ரோஜாவைக் கட்டம் கட்டமாகக் காக்கி நிறத்துக்கு மாற்றினாள். பூ இருந்த சுவடே இல்லை. அதைக் கண்டதும் இசக்கியம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. அப்படியே காதில் ஒரு ஜிமிக்கியும் போட்டுவிட முடியுமா என்று கேட்டாள். போட்டால் அதுவும் அந்த அழகி கதைதான் என்றாள் ராஜப்ரியா. ஜிமிக்கி ஆசை அங்கேயே அடங்கியது.

செல்வி வருகிற நாள் காலையில், அவள் அப்பா மாரிச்சாமி அக்கம்பக்கத்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டு பேனரைக் கட்டினார். ஃபேக்டரியில் வேலை பார்க்கும் சாதுவான மனிதர். கட்டி முடித்துச் சுவரடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, கட்டம் போட்ட லுங்கியைக் காயப்போட்ட மாதிரி இருக்கிறதே என்று முணுமுணுத்தார். எல்லப்பனும் வந்தார். இது யார், எந்தக் கண் எங்கே என்று கேட்டுச் சிரித்தார். இசக்கியம்மா கையோடு அவரை ரோட்டு வளைவுக்கு நடத்திக்கொண்டு போய்த் திருப்பி நிறுத்தினாள். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, எந்தக் கடையில் அடித்தது என்று மட்டும் கேட்டார். இசக்கியம்மாவுக்கு அந்த ஒரு கேள்வியே விருந்து சாப்பிட்ட மாதிரி இருந்தது.

ஆனால் மகளை அழைத்துவர ஊட்டிக்குப் போய், இருவருமாகக் கூடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பயம் பிடித்தது. எல்லப்பனுக்கு அது செல்வி என்று முன்பே தெரியும். தனக்கோ பெற்ற கண். தெரிந்தவர்களுக்குத் தெரிவதில் என்ன இருக்கிறது? தெரியாதவன் கண்ணுக்கு அது லுங்கியாகவே இருந்துவிட்டால் செல்வி எஸ்டேட்டுக்கே கேலிப்பொருளாகிவிடுவாள். அந்த அவமானத்தைத் தேடிக் கொடுத்தவள் பெற்ற தாய். பைக்காராவில் மூடுபனி வேறு கண்ணை மறைத்தது. சாதாரணச் சுடிதாரில் ஜன்னலோரம் உட்கார்ந்து செல்வி பயிற்சிக் கதைகளைச் சொல்லிக்கொண்டு வந்தாள். இசக்கியம்மா எல்லாவற்றுக்கும் ஊம் கொட்டினாளே தவிர ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டே வந்தாள்.

வளைவு வந்தபோது பனி விலகியிருந்தது. காலையிலிருந்து போக வர அதைப் பார்த்துப் பழகிய டிரைவர் தானாகவே வேகத்தைக் குறைத்தார்.

செல்வியின் பேச்சு பாதியில் நின்றது. பள்ளத்துக்கு அப்பால், பச்சைச் சரிவுக்கு நடுவே, லைன் சுவரை அடைத்துக்கொண்டு தொப்பியோடு அவள் நின்றாள். இசக்கியம்மா வெளியே பார்க்கவில்லை. மகளின் முகத்தையே பார்த்தாள். அது கோபமா என்னவென்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. உதடுகள் மட்டும் இறுகியிருந்தன.

முன் சீட்டில் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெண், இருவருக்கும் முன்பின் தெரியாதவள், ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். தற்செயலாகத் திரும்பியவள் செல்வியைக் கண்டதும் மறுபடி சுவரைப் பார்த்தாள். மறுபடி செல்வியைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அந்தச் செவுத்துல இருக்கறது நீங்கதானே?"

பஸ்ஸில் இருந்த தலைகளெல்லாம் திரும்பின. இசக்கியம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் செல்வி எழுந்து, அம்மாவின் தோளில் கையை வைத்துக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"நானேதாங்க. அது எங்க ஊடு. இவங்க எங்கம்மா."