பொம்மைக்குக் கட்டிய கம்பி

1

இந்தக் கதை எனக்குப் பஸ்ஸில் கிடைத்தது. குழித்துறைப் பாலத்தில் வண்டி நெரிசலில் நின்றபோது, ஆற்றோரம் எழும்பிக்கொண்டிருந்த ஒரு மாடி வீட்டைப் பார்த்தேன். மேல்தளத்தின் மூலையில் திருஷ்டி பொம்மை நின்றது. வைக்கோல் அடைத்த பேண்ட், கிழிந்த சட்டை, சுண்ணாம்பில் பல் வரைந்த சட்டித் தலை. அதன் மார்பிலும் தொடையிலும் ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு பெல்ட் இருந்தது. கொக்கியைக்கூட முறையாக மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் சாரத்தில் நின்று சுவர் பூசிய இரண்டு பேரிடமும் பெல்ட் இல்லை.

சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். களியக்காவிளை போய்ச் சேர்வதற்குள் சிரிப்பு போய்விட்டது.

(அந்த வீட்டைப் பற்றி வேறெதுவும் எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் என் கற்பனை.)

2

முதல் தொடக்கம்: "வைகுண்டராஜன் காலையில் வந்தபோது பொம்மை தலைகுப்புறக் கிடந்தது." அடித்துவிட்டேன். பேய்க்கதை வாசனை வந்தது.

இரண்டாவது: "உயரம் என்பது மனிதனுக்கு" இதை முடிக்கவில்லை. உயரத்தைப் பற்றித் தத்துவம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தரையில் நிற்பவர்கள்.

மூன்றாவது தொடக்கம்தான் நிலைத்தது. வைகுண்டராஜனுக்கு நாற்பத்திரண்டு வயது. பதினொரு வருடம் கத்தாரில் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்து, ஊரில் வீடு கட்டிக் கொடுக்கும் காண்ட்ராக்டர் ஆனவன். இந்த வீட்டின் சொந்தக்காரர் குவைத்தில் இருக்கிறார். ஆவணியில் பால்காய்ச்சு, அதாவது புதுவீடு புகுகிற நாள், குறித்தாகிவிட்டது. திருஷ்டி பொம்மை வைத்தே தீரவேண்டும் என்று அவர் போனில் கட்டளையிட்டார். நெற்றியில் நாமம் இடும் அய்யாவழிக்காரனான வைகுண்டராஜனுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் பொம்மை விழுந்தால் அபசகுனம் என்று சொல்லி வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார் என்ற பயம் இருந்தது. ஆகவே தூணின் கம்பியோடு தடித்த இரும்புக் கம்பியைச் சேர்த்து முறுக்கி, தன் பாரம் முழுவதையும் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பொம்மையைக் கட்டினான்.

அதே தளத்தின் நடுவில், கீழே வெளிச்சம் விழுவதற்காகச் சதுரமாகத் துவாரம் விட்டிருந்தார்கள். அதன்மேல் ஒரு பிளைவுட் பலகை கிடந்தது. அதை

[போன் வந்தது. விட்ட இடம் மறந்துவிட்டது. மேலே போகலாம்.]

கொத்தனார் பகவதியப்பனுக்கும், அவருக்குச் சாந்து எடுத்துக்கொடுக்கும் சுபிதாவுக்கும் வைகுண்டராஜன் ஆளுக்கொரு பெல்ட் வாங்கிவந்தான். இது இல்லாமல் ஒருவரும் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டு, தன் கடமை முடிந்தது என்று வீட்டுக்குப் போனான். திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால், ஒரு பெல்ட் பொம்மையின் உடம்பில் இருந்தது. மற்றது சிமெண்ட் மூட்டைக்கு அடியில் கிடந்தது.

3

இதன் முதல் பிரதியில் பகவதியப்பனைச் சாரத்திலிருந்து தள்ளிவிட்டேன். ஐம்பத்தெட்டு வயது. பெல்ட் போட்டு நிற்க நான் என்ன கெட்டிப்போட்ட மாடா என்று கேட்பவர். இப்படி ஒருவரைக் கதையில் ஏற்றினால், அவர் எப்போது விழுவார் என்று வாசகர்கள் காத்திருக்க ஆரம்பித்துவிடுவார்கள். நானும் காக்கவைக்காமல் விழவைத்தேன். சொன்ன பேச்சைக் கேட்காதவர் விழுந்தார் என்று நீதியும் கிடைத்தது.

மறுநாள் படித்தபோது வெட்கமாக இருந்தது. செய்தித்தாளில் "கால் தவறி விழுந்து தொழிலாளி பலி" என்று எத்தனை முறை படித்திருக்கிறோம்! எப்போதும் கால்தான் தவறுகிறது. பலகை தவறியதாகவோ, கட்டவேண்டியவர் கட்டத் தவறியதாகவோ நான் படித்த ஞாபகம் இல்லை. என் கதையும் அந்த ஒரு வரியைத்தான் மூன்று பக்கத்துக்கு நீட்டியிருந்தது. கிழித்தேன். பகவதியப்பன் மறுபடி சாரத்தில் ஏறி நின்று வெற்றிலை போட்டுக்கொண்டார்.

இரண்டாம் பிரதியில் சுபிதா. வாசகர் கண்கலங்கவேண்டும் என்பதற்காக, நான்காம் வகுப்பு படிக்கும் நந்தனா என்று ஒரு மகளை அவளுக்கு உண்டாக்கினேன். உண்டாக்கிய பிறகு அம்மாவைத் தள்ளக் கை வரவில்லை. மகளும் கதையில் இருக்கட்டும்.

(இங்கே எனக்கு ஒன்று உறைத்தது. கதை எழுதுகிறவனும் ஒரு முதலாளிதான். தன் தேவைக்காக ஆட்களை உயரத்தில் ஏற்றுகிறான். விழுந்தால், அது அவர்கள் குணம் என்று எழுதிவிடுகிறான்.)

4

திங்கட்கிழமைக்கு வருவோம். பொம்மையைப் பார்த்ததும் வைகுண்டராஜனுக்குக் கோபம் தலைக்கேறியது. கத்தாரில் இப்படிச் செய்தால் அன்றைக்கே ஊருக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள் என்று சத்தம் போட்டான். முப்பது வருடமாக ஒரு கயிறும் இல்லாமல் நிற்கிறேன் என்று பகவதியப்பன் தன் பழைய பாட்டைப் பாடினார். சுபிதா சாந்து குழைப்பதை நிறுத்தவில்லை.

"அண்ணே, இத போட்டா கொக்கிய எங்க மாட்டணும்?"

அவன் சாரத்தைக் காட்டினான். கவுங்கு, அதாவது பாக்கு மரக்கால்கள், கயிற்றுக் கட்டு, நிற்பதற்கு ஒற்றைப் பலகை.

"சாரம் சரிஞ்சா நானும் அது கூடத்தானே போவேன்? நீங்க இஞ்ச ஒழுங்கா கெட்டினது அந்த ஒரு கம்பிதான். அது பொம்மைக்கு. அதான் பெல்டையும் அதுக்கே போட்டோம்."

அவள் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவனுக்குச் சுருக்கென்றது.

கத்தாரில் அவனிடம் யாரும் கவனமாக இரு என்று சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவை இல்லை. அவன் ஏறுவதற்கு முன்பே இடுப்புயரத்தில் கைப்பிடி இருக்கும், கொக்கி மாட்டக் கம்பி இருக்கும், காலையில் ஒருவர் சோதித்துப் பச்சை அட்டை தொங்கவிட்டிருப்பார். அட்டை இல்லையென்றால் ஏற விடமாட்டார்கள். ஊருக்கு வந்தவன் பெல்ட்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டான். பொம்மைக்கு இழுத்துப் பார்த்தவன் ஆளுக்கு இழுத்துப் பார்க்கவில்லை.

"எறங்குங்க ரெண்டு பேரும்," என்றான். "இன்னைக்கு பூச்சு கெடையாது."

5

இந்தப் பகுதியைச் சுவாரசியமாக எழுதத் தெரியவில்லை. விழாமல் இருப்பதில் சம்பவம் இல்லை. இரண்டு நாள் வேலை நின்றது, கூலி நிற்கவில்லை. கவுங்கு மரத்துக்குப் பதில் இரும்புக் குழாய் வாடகைக்கு வந்தது. ஒற்றைப் பலகை மூன்றாகி, மூன்றையும் சேர்த்துக் கட்டினார்கள். இடுப்பளவில் ஒரு குழாய், முழங்காலளவில் ஒன்று. ஏணியின் தலையைக் கட்டினார்கள். தூண் கம்பியிலிருந்து பெல்ட்டின் கொக்கியை மாட்ட இரண்டு உயிர்க்கயிறு இறங்கியது. இனி தினமும் காலையில் முதல் ஆளாக வந்து, ஏறிப் பார்த்து, ஏணியில் பச்சை ரிப்பன் கட்டுவது வைகுண்டராஜனின் வேலை. ரிப்பன் இல்லாத அன்று யாரும் ஏறவேண்டாம்.

குவைத்திலிருந்து போன் வந்தது. பால்காய்ச்சுக்கு நாள் குறித்தது தெரியாதா, வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்று கேட்டார். வைகுண்டராஜனுக்கு வேலை போய்விடுமோ என்ற பயம்தான். ஆனாலும் சொன்னான்.

"நாள் பிந்தினா பிந்தட்டும் அண்ணே. ஆளு விழுந்த வீட்டுல நீங்க பால் காச்சுவியளா?"

சரி, கெட்டிக்கோ என்றார் அவர்.

பகவதியப்பன் புதுச் சாரத்தில் ஏறி, கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். "கொள்ளாம் மக்கா," என்று மெச்சினார். பெல்ட்டை அவராகவே எடுத்து மாட்டியதாக எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். சுபிதா முறைத்த பிறகுதான் மாட்டினார்.

6

இத்துடன் சுபம் போட்டுவிட்டு, முதலிலிருந்து ஒருமுறை படித்தேன். இரண்டாம் பகுதியில் நின்றுவிட்டேன்.

துவாரத்தின்மேல் ஒரு பலகை கிடந்தது என்று எழுதியிருக்கிறேன். ஆணி அடித்ததாக எங்குமே எழுதவில்லை. தளத்தின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் நடுவை மறந்துவிட்டோம். வைகுண்டராஜன் மறந்தான் என்று சொல்லித் தப்பிக்கலாம். அவனை அப்படி எழுதியது நான்.

இப்போது வியாழக்கிழமை காலை பத்து மணி. ஏணியில் பச்சை ரிப்பன் ஆடுகிறது. சாந்து கொட்ட ஒரு பலகை வேண்டும் என்று பகவதியப்பன் கேட்கிறார். சுபிதா தளத்துக்கு வருகிறாள். நல்ல பலகை ஒன்று சும்மா கிடக்கிறது. குனிந்து, இரண்டு கையாலும் நிமிர்த்தி, மார்போடு அணைத்துத் தூக்குகிறாள். பலகை முகத்தை மறைக்கிறது. கீழே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. வலது காலை முன்னால்

இந்த வாக்கியத்தை நான் முடிக்கமாட்டேன்.

திரும்பிப் போய் நானே ஆணி அடிக்கலாம். அடித்தால் இந்த ஒரு சுபிதா தப்புவாள், நீங்களும் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டுவீர்கள். ஆனால் நீங்கள் ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கலாம். மொட்டை மாடியில் தளம் போட ஆள் விட்டிருக்கலாம். தேங்காய் பறிக்க, தொட்டி கழுவ யாரையாவது வரச்சொல்லியிருக்கலாம். அவர்கள் ஏறுவதற்கு முன் நீங்கள் ஒருமுறை ஏறிப் பார்த்தீர்களா என்பது எனக்குத் தெரியாது.

இரண்டாம் பகுதியில் "அதை" என்று ஒரு வாக்கியம் பாதியில் நிற்கிறது. அது நீங்கள் முடிப்பதற்கு. நாலு ஆணி போதும், சுத்தியல் பொம்மையின் காலடியில் இருக்கிறது. சுபிதா இன்னும் காலை ஊன்றவில்லை.