அப்பா திருத்திய அலனைன்

அந்த ஒரு கழித்தல் குறியைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று.

மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் சுழற்றிப் பார்க்கும் மென்பொருள் அது. இலவசம். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தி அனுப்பலாம். விராலிமலை டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் அதில்தான் அலனைன் என்ற அமினோ அமிலத்தைக் காட்டினேன். என் லேப்டாப்பில் மட்டும் அது கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி நின்றது. அணுக்கள் அதேதான், உடம்புக்கு அது வேறு பொருள்.

புகார் போட்டேன். "பழைய கணினியை மாற்றிப் பாருங்கள்" என்று ஒருவர் பதில் எழுதினார். நீ வாங்கித் தருவியா? எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவள் நான். பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த லேப்டாப்தான் எம்.எஸ்சி. வரைக்கும் வந்தது. வெறியோடு உட்கார்ந்தேன். பழைய கணினிகளுக்கென்று எழுதிய பகுதியில் ஒரு கழித்தல் குறி விடுபட்டிருந்தது. போட்டேன். அலனைன் திரும்பி நின்றது. கத்திவிட்டேன்! திருத்தத்தை அவர்களுக்கு அனுப்பினேன்.

வியாழக்கிழமை புதிய பதிப்பு வந்தது. திங்கட்கிழமை எனக்குத் திருச்சியில் ஆராய்ச்சி உதவியாளர் வேலைக்கு நேர்காணல். பதிப்போடு வரும், திருத்தியவர்கள் பெயர் போட்ட நன்றிப் பட்டியலைத்தான் அங்கே காட்டப்போகிறேன். திறந்தேன்.

'எஸ். திருப்பதி.'

திருப்பதி என் அப்பா. விராலிமலை பஸ் ஸ்டாண்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். திருத்தம் அனுப்பும் படிவத்தில் இரண்டாவது பெயர் கட்டாயம் என்றதால் அவர் பெயரைப் போட்டிருந்தேன். அவர்கள் சிவரஞ்சனி என்ற என் பெயரை இனிஷியலாகச் சுருக்கிவிட்டார்கள். தாத்தா பெயர் செல்லையா; அதற்கும் இனிஷியல் எஸ்தான். ஆக, அப்பாவின் லைசென்ஸில் இருப்பதும் இதே பெயர்தான்.

அந்தப் பக்கத்தை அப்பாவின் போனுக்கு அனுப்பினேன். சாயந்திரம் அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஸ்டாண்டுல லைசென்ஸ வச்சு ஒத்துப் பாத்தாய்ங்க தாயி. அச்சு அசலா நாந்தேன்!"

"அலனைன்னா என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

"அத நீ சொல்லு. நான் திருத்துனதோட சரி."

"பதினோரு நாளா சோறு தண்ணியில்லாமக் கெடந்தது எம் மக," அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். "பேர மட்டும் இந்தாளு வாங்கிக்கிட்டாரு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டியலைப் பராமரிக்கும் ஹெல்கா என்ற ஜெர்மன்காரிக்கு எழுதினேன்.

"அது உங்கள் குடும்பப் பெயர் அல்லவா?" என்று கேட்டாள்.

"அது என் அப்பா. வேலை செய்தது நான். எனக்கு இருப்பது ஒரே பெயர். உங்கள் படிவம் அதை ஏற்கவில்லை. படிவம்தான் தப்பு."

சிறிது நேரத்தில் பதில் வந்தது: "படிவத்தின் நிரலும் மென்பொருளின் நிரலோடுதான் இருக்கிறது. பட்டியலையும் சேர்த்துத் திருத்துங்கள்."

அட! அதற்குப் பதினொரு நாள் ஆகவில்லை. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் முடித்தேன். ஒரே பெயர் உள்ளவர்கள் ஒரே பெயரோடு வரலாம். இனி யார் அப்பனும் நடுவில் வந்து ஏறமாட்டான்.

ஞாயிறு காலை பக்கத்தை மறுபடி திறந்தேன். அப்பா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

'சிவரஞ்சனி: இரண்டு திருத்தங்கள்.'

"எம் பேர எங்க?"

"தூக்கியாச்சு."

அப்பா போனை எடுத்தார். "தள்ளி உக்காரு. போட்டோ எடுக்கணும். நான் திருத்துனேன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன். இப்பப் போயி ஸ்டாண்டுல அவிய்ங்ககிட்ட உண்மையச் சொல்லணும்ல."