தரையைத் தொடாத சக்கரம்

தொண்ணூற்றெட்டு சித்திரையில் சின்னக்கருப்பன் பம்பாய் முறுக்குக் கம்பெனியிலிருந்து ஊருக்கு வந்தான். மகள் ஆனந்திக்கு ஒரு சின்ன சைக்கிளை வாங்கி நிறுத்திவிட்டு நான்காம் நாளே ரயிலேறிவிட்டான். பின்னால் பிடித்துக்கொண்டு ஓட ஆள் வேண்டுமே என்பது அவனுக்குத் தோன்றவில்லை. அவன் மனைவி பாலம்மாளுக்கு இடது கால் இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிப்போனது. முழங்காலில் கையை ஊன்றித்தான் நடப்பாள். பக்கத்து வீட்டில் கேட்டிருந்தால் யாராவது வந்திருப்பார்கள். கேட்கத்தான் வாய் வரவில்லை.

வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டுகிறவள். ஒரு நாள் பசைச் சட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, மகளின் பழைய நடைவண்டியிலிருந்து இரண்டு மரச்சக்கரங்களைக் கழற்றினாள். சைக்கிளை நூலால் அளந்துகொண்டு கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினாள். வெல்டிங் பட்டறைக் கொம்பையாவிடம், அந்த மரச்சக்கரங்கள் பின்சக்கரத்தின் இரு பக்கமும் வரும்படி கம்பி வளைத்துத் தரச் சொல்லி, கரித்துண்டால் தரையில் வரைந்து காட்டினாள். கொண்டுவந்து தானே பூட்டினாள்.

முதல் நாளே கரிசல் தெருவின் வெடிப்பில் ஒரு மரச்சக்கரம் இறங்கி, சைக்கிள் பிள்ளையைத் தூக்கிப் போட்டது. பாலம்மாள் போய்ச் சேருவதற்குள் ஆனந்தி எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். விழுந்ததைவிட அதுதான் தாய்க்கு வலித்தது.

மறுநாள் மீண்டும் பட்டறைக்குப் போனாள்.

"ரெண்டு விரக்கடை மேல தூக்கி வச்சுக் குடுங்க அண்ணாச்சி. சாஞ்சா மட்டும் தரையில பட்டாப் போதும்."

"அப்பம் மத்த நேரம் சும்மால்லா தொங்கும்மா?"

"தொங்கட்டும். விழும்போது இருந்தாச் சரி."

அது சரியாக அமைந்தது. பாலம்மாள் உள்ளே பெட்டி ஒட்டியபடி காதைத் தெருவில் வைத்திருந்தாள். மரச்சக்கரம் கடகடத்தால் பிள்ளை சாய்கிறாள் என்று அர்த்தம். நாளாக நாளாகச் சத்தம் குறைந்தது.

ஒரு சாயங்காலம் ஆனந்தி வந்து நின்றாள். "யம்மா, இதக் கழத்திரு. எல்லாரும் சிரிக்காவ."

பாலம்மாள் ஸ்பேனரை எடுத்துக் கழற்றிக் கொடுத்தாள். பிள்ளை திரும்பிப் பார்க்காமல் போனாள். அதன்பின் தெருவில் சத்தமே இல்லை. அவள் எங்கே போகிறாள், எந்தத் திருப்பத்தில் சாய்கிறாள் என்று வீட்டுக்குள்ளிருந்து தெரிந்துகொள்ள வழியில்லாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பலசரக்குக் கடைப் போனுக்குச் சின்னக்கருப்பன் கூப்பிட்டான். பிள்ளை சைக்கிள் பழகிவிட்டாள் என்று பாலம்மாள் சொன்னாள்.

"யாரு பிடிச்சுவிட்டா?" என்றான்.

"யாரும் பிடிக்கல."

அவன் சிரித்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்துவிட்டான். அவள் முழங்காலில் கையை ஊன்றி வீட்டுக்கு நடந்தாள். ஆனந்தி இன்னும் வந்திருக்கவில்லை.